அப்பத்தாவுக்கு ஒரு பனிமலை

எங்கள் பந்தல்குடியில் மலை கிடையாது. அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் வந்தவர்களுக்குத் தெரியும். இரு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேல், நடுநடுவே பருத்தி, உளுந்து, எங்கோ தூரத்தில் ஓர் ஒற்றைப் பனை. மற்ற ஊர்களில் கல் பூமிக்கு மேலே எழுந்து நிற்கிறது. எங்கள் ஊரில் அது பூமிக்குக் கீழே கிடக்கிறது. சுண்ணாம்புக் கல். அதை வெட்டி எடுத்துக் குவித்த வெளிறிய குவியல்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பிறந்து முதலில் பார்க்கும் மலை.

இந்த ஊரில் எழுபத்து நாலு வருஷத்தைக் கழித்துவிட்ட என் அப்பத்தா, போன ஆவணியில் ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். சாவகாசமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

“ஏய்யா, கண்ணை மூடுறதுக்குள்ள அந்தப் பனி மலையை ஒரு தடவை பாத்துரணும்.”

இதுவரை தனக்கென்று ஒரு புடவை கூட வாய்விட்டுக் கேட்டு அறியாதவள். வீடு ஒரு நிமிஷம் அசந்துபோயிற்று. முதலில் சுதாரித்துக்கொண்டவர் சித்தப்பாதான். மறுநாள் சாயங்காலமே கையில் ஒரு சுற்றுலா நோட்டீஸோடு வந்து நின்றார். பத்து நாளில் ஒன்பது ஊர், நடுநாயகமாகக் கேதார்நாத்!

“ஆத்தா, பனிமலையும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு!” என்றார்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்பத்தாவுக்கு வருஷத்தில் நாலு மாதம் இளைப்பு. மச்சுப்படி ஏறினால் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே வருவாள்.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

நோட்டீஸை எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டரிடம் போனேன். ஒன்பது ஊர்களின் பெயரையும் அவர் படிக்கவில்லை. “உயரம் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

கேதார்நாத்தின் உயரம் 3,583 மீட்டர். கௌரிகுண்டத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் ஏற்றம். நடக்கலாம், மட்டக்குதிரையில் போகலாம், டோலியில் போகலாம், ஹெலிகாப்டரிலும் போகலாம். ஆனால் எதில் போனாலும் மேலே இருக்கும் காற்று ஒன்றுதான். அங்கே காற்றே மெலிந்துவிடுகிறது. ஒரு மூச்சுக்கு நமக்கு இங்கே கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். சாதாரணமாக 2,500 மீட்டரைத் தாண்டினால் மலை நோவு எட்டிப் பார்க்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். அலட்சியம் செய்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே உலை வைத்துவிடும். வாலிபர்களையும் அது விடுவதில்லை. மெல்ல மெல்ல ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஹெலிகாப்டரில் சில நிமிஷங்களில் போய் இறங்குகிறவருக்கு அந்த அவகாசமும் இல்லை.

“அம்மா கொடைக்கானல் போயிருக்காங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“போயிருக்காங்க. ஏரியைச் சுத்தி நடந்தே வந்தாங்க. ஒண்ணும் செய்யலை.”

“அப்ப அந்த உயரத்துக்குள்ள இருக்கிற இமயமலையாப் பாருங்க.”

கொடைக்கானல் உயரத்தில் இமயமலையா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்திருப்பேன், கௌசானியை ஒரு தடவை பார்த்திராவிட்டால்.

கரையில் நின்று பார்ப்பது

கொடைக்கானல் 2,133 மீட்டர். உதகமண்டலம் 2,240. உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பாதியான குமாவோனில் இருக்கும் கௌசானி 1,890 மீட்டர்தான். ஆனால் அங்கே ஒரு மேட்டில் நாற்காலியைப் போட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்தால், நந்தாதேவி 7,816 மீட்டர், திரிசூல் 7,120 மீட்டர், பஞ்சசூலி 6,904 மீட்டர் என்று பனிச் சிகரங்கள் வரிசை பிடித்து நிற்கும். நடுவே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அதற்கு இந்தக் கரையில் நாம். அந்தக் கரையில் பனிமலை. தெப்பத் திருவிழா பார்க்கக் குளத்துக்குள்ளா இறங்குகிறோம்? கரையில் நின்றுதானே பார்க்கிறோம்!

இந்த யோசனையை வீட்டில் சொன்னபோது சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது. “கேதாரம் இல்லாம இமயமலையா? புண்ணியம் என்னாகிறது?” என்றார்.

அதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்துத் திருச்சுழி, சுந்தரர் பாடிய தலம். அதே சுந்தரர்தான் கேதாரத்தையும் பாடியிருக்கிறார். சம்பந்தரும் கேதாரத்தைப் பாடினார். ஆனால் காளத்தியில் இருந்தபடியே வடநாட்டுத் தலங்களைப் பாடினார் என்றுதான் பெரியபுராணம் சொல்கிறது. கயிலாயத்துக்கு நடந்தும் தவழ்ந்தும் போன அப்பருக்குக் கடைசியில் காட்சி கிடைத்த இடம் நம்முடைய திருவையாறு. சம்பந்தருக்குக் காளத்தி போதும், அப்பருக்குத் திருவையாறு போதும் என்றால், இளைப்புக்கார அப்பத்தாவுக்குக் கௌசானி போதாதா?

“ஒன்பது ஊராவது பார்க்கலாமே!” என்று சித்தப்பா கடைசி அம்பை விட்டார்.

“சித்தப்பா, திருச்சுழியிலே பிறந்த ரமணர் 1896-ல் திருவண்ணாமலைக்குப் போனார். 1950 வரைக்கும் அந்த ஒரு மலையை விட்டு அவர் நகரவே இல்லை. நாம மூணு நாள் ஒரு மலைக்கு எதிரே உட்காரக் கூடாதா?”

அப்பத்தா சிரித்துவிட்டாள். கேதாரம் கைவிடப்பட்டது.

எந்த மாதம்?

வாசகர்களே, மலைப் பிரயாணத்தில் பாதி வெற்றி மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன், பள்ளிக்கூட விடுமுறையாயிற்றே என்று மே மாதத்தில் கௌசானிக்குப் போனேன். நாலு நாள் இருந்தேன். சமவெளியிலிருந்து எழும்பிய புழுதியும், தேவதாருக் காற்று என்று நான் நினைத்துப் போன இடத்தில் புகையும், வானத்தைச் சாம்பல் பூசி வைத்திருந்தன. கோடையில் அந்த மலைகளில் சீமைத் தேவதாருவான ‘சீட்’ மரத்தின் காய்ந்த ஊசி இலைகள் தரையில் மெத்தையாகக் கிடக்கும். ஒரு பொறி பட்டால் காடே பற்றிக்கொள்ளும். 2016-லும் 2024-லும் இப்படிப் பெருந்தீ மூண்டது. அந்த நாலு நாளில் நான் பார்த்த நந்தாதேவி, தங்கும் விடுதியின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததுதான்.

மே இல்லையென்றால் எப்போது? ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்றும் அங்கே மழைக்காலம். மலை சரிந்து சாலை அடைபடும். மழை முடிந்துவிட்டது என்று நம்பி ஐப்பசித் தொடக்கத்தில் போனாலும் சில வருஷம் ஏமாற்றும். 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் குமாவோனில் கொட்டிய மழையில் நைனிதால் ஏரி கரை மீறிற்று. முக்தேஷ்வரில் மட்டும் ஒரே நாளில் 340 மில்லிமீட்டர். எங்கள் கரிசலில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து பெய்தால்தான் அந்த அளவுக்கு வரும்!

மார்ச்சு மாதம் அழகு. மலைச்சரிவெல்லாம் ‘புராஞ்சு’ மரம் சிவப்பாகப் பூத்திருக்கும். ஆனால் எங்களுக்குப் பருத்தி எடுக்கும் நாள் அது. வானம் கழுவிவிட்டது போல் துலங்கும் காலம் அக்டோபர் கடைசியும் நவம்பரும். ஐயோ, அதுதானே எங்கள் விதைப்புக் காலம்! வானம் பார்த்த பூமிக்காரனுக்கு அந்த நாலு வாரம் வருஷத்தின் மற்ற நாற்பத்தெட்டு வாரத்துக்குச் சமம்.

பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தோம். டிசம்பர் கடைசியில் அரைப்பரீட்சை விடுமுறை உண்டு. ஆனால் மார்கழியில் டில்லிப் பக்கம் மூடுபனி இறங்கி ரயில்கள் மணிக்கணக்கில் பிந்தும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவள் அப்பத்தாதான்.

“விதைச்சு, ரெண்டாம் களை எடுத்து முடிச்சுட்டுக் கிளம்புவோம். மலை எங்கேயும் ஓடிறாது. களை நிக்காது.”

கணக்குப் பார்த்தால் அது கார்த்திகை நடுவில், டிசம்பர் முதல் வாரத்தில் வந்து நின்றது. மூடுபனி கனக்காத நாள். வானம் தெளிந்திருக்கும். குளிர் உண்டு, கௌசானியில் ராத்திரி பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவர்கள் அத்தை வீட்டில் இருப்பார்கள். போவது நான், என் மனைவி, சித்தப்பா, அப்பத்தா, ஆக நாலு பேர். வாடகைக் கார் ஒன்றுக்குச் சரியான எண்ணிக்கை. இந்தப் பிரயாணத்தில் பெரிய செலவு அந்தக் கார்தான். நாலாக வகுத்தால் தாங்கும்.

வழி

எங்களுக்கு ஏறுமிடம் விருதுநகர். கன்னியாகுமரியிலிருந்து ஹஜ்ரத் நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரு முறை அந்த வழியாகப் போகிறது. மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியும் உண்டு. ரயிலிலேயே இரண்டு ராத்திரி கழியும். முன்பதிவு, புறப்படும் நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கில் இருந்துவிடாதீர்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. பெரியவர்களுக்கும் முழுக் கட்டணம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கீழ்ப் படுக்கை வேண்டும் என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

டில்லியில் இறங்கிய ராத்திரியே அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். ராணிகேத் எக்ஸ்பிரஸ் பழைய டில்லி ஸ்டேஷனிலிருந்து ராத்திரி புறப்பட்டு விடிவதற்குள் காட்கோதாம் சேர்க்கும். நாங்கள் அப்படிச் செய்யப் போவதில்லை. ஒரு ராத்திரி டில்லியில் படுத்துத் தூங்கி, மறுநாள் காலை சதாப்தியில் ஏறினால் மத்தியானத்துக்கு முன் காட்கோதாம். ரயில் பாதை அங்கே மலை அடிவாரத்தில் முட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வளைவுச் சாலைதான். வாந்தி வரும் ஆசாமிகள் முன் சீட்டில் உட்கார வேண்டும். ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. ஒரு துண்டு சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளலாம். மலைச் சாலையில் இருட்டிய பிறகு பிரயாணம் கிடையாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பழகிய முகங்கள்

காட்கோதாமிலிருந்து நேரே கௌசானிக்கு ஓடாமல் முக்தேஷ்வரில் ஒரு ராத்திரி, அல்மோராவில் இரண்டு, கௌசானியில் மூன்று என்று வகுத்திருக்கிறோம். தங்குவதற்கு மாநில அரசைச் சேர்ந்த குமாவோன் மண்டல விகாஸ் நிகத்தின் விடுதிகள் இந்த ஊர்களில் உண்டு. தனியார் விடுதிகளும் ஏராளம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அறை கீழ்த் தளத்தில் இருக்கிறதா? வெந்நீர் எந்த நேரமும் வருமா? ஜன்னல் வடக்கே பார்த்ததா?

முக்தேஷ்வரை நான் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே 1893-லிருந்து மாட்டு வைத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டு மாடுகளைக் கொள்ளை கொள்ளையாக வாரிக்கொண்டு போன வெக்கை நோய்க்கு, 1920-களில் அங்கேதான் ஆட்டின் உடலில் வைத்துப் பழக்கி வீரியம் தணித்த தடுப்பு மருந்தை உண்டாக்கினார்கள். அந்த நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். இதைச் சொன்னதும் அப்பத்தா, தான் சிறுமியாக இருந்தபோது தொழுவம் காலியான கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த இடத்தை ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போகணும்” என்றாள்.

அல்மோராவுக்கு வேறொரு சொந்தம். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் பாம்பனில் இறங்கி, இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக எங்கள் வறண்ட சீமையைக் கடந்துதான் மதுரைக்குப் போனார். அதே வருஷம் மே மாதத்தில் அவர் இளைப்பாறப் போன இடம் அல்மோரா.

அல்மோராவுக்குப் பக்கத்தில் சித்தயி என்ற இடத்தில் கோலு தேவதையின் கோயில் இருக்கிறது. வெள்ளைக் குதிரையில் வரும் சாமி. நியாயம் வழங்கும் சாமி. வழக்கில் தோற்றவரும், வஞ்சிக்கப்பட்டவரும் காகிதத்தில் மனு எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். காரியம் பலித்தால் மணி கட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் மணிகள் தொங்கும். குதிரை, நியாயம், மணி என்று கேட்டதும் அப்பத்தாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. “நம்ம அய்யனாரு அங்கேயும் இருக்காரா!” என்று முடித்துவிட்டாள். தேவதாரு மரங்களுக்கு நடுவே நூற்றுக்கு மேற்பட்ட பழைய கற்கோயில்கள் நிற்கும் ஜாகேஷ்வரையும் ஒரு பகலில் போய்வரலாம்.

சாப்பாட்டைப் பற்றிய கவலையும் தீர்ந்தது. குமாவோன் மலைக்காரர்கள் ‘மண்டுவா’ என்று ரொட்டி சுடுவது நம் கேழ்வரகு. ‘கஹத்’ என்று பருப்பு வைப்பது நம் கொள்ளு. உத்தராகண்ட் மலைகளில் ‘ஜங்கோரா’ என்று சொல்வது, சாட்சாத் நம் குதிரைவாலி! கரிசலில் மானாவாரியாக விளையும் தானியத்தைப் பனிமலைக்காரனும் விதைத்துச் சாப்பிடுகிறான். மழையை நம்பிப் பிழைக்கிறவர்களின் அடுப்பு எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கௌசானியில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அதுதான் அந்த ஊரின் பெருமை. 1929-ல் மகாத்மா காந்தி ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே தங்கி, கீதைக்கு எழுதிய ‘அநாசக்தி யோக’த்தின் வேலையை முடித்தார். அவர் தங்கிய வீடு இன்று அநாசக்தி ஆசிரமம். கீழே பள்ளத்தாக்கில் கோமதி ஆற்றங்கரையில் பைஜ்நாத் கோயில். மற்ற நேரமெல்லாம் மலையைப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து, போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். வெயில் முதலில் சிகரத்தின் நுனியைத்தான் தொடும். பகல் ஏற ஏற மேகம் எழும்பி மறைத்துவிடக்கூடும். அதனால்தான் மூன்று நாள். ஒரே ராத்திரி தங்கிவிட்டு ஓடுகிறவருக்கு மலை முகம் கொடுக்காமலே போய்விடலாம்.

மூட்டையும் நடையும்

சாமான் பட்டியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான ஒரு கம்பளிச் சட்டையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் மூன்று லேசான சட்டைகள் நல்லது. காதை மூடும் குல்லா, கம்பளிக் காலுறை, ஒரு வெந்நீர்க் குடுவை. அப்பத்தாவின் இளைப்பு மருந்தும் டாக்டர் சீட்டும் பெட்டியில் அல்ல, கைப்பையில். அல்மோராவில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாகத் திட்டத்தில் ஒரு நாளை வெறும் நாளாக விட்டிருக்கிறோம். சாலை அடைபட்டாலும், ரயில் பிந்தினாலும், அப்பத்தா “இன்னிக்கு முடியலைய்யா” என்றாலும் அந்த நாள் கைகொடுக்கும்.

செருப்புத்தான் பெரிய பிரச்னையாக இருந்தது. ஆயுள் முழுவதும் வெறுங்காலில் காட்டுக்குப் போனவளுக்குப் பூட்ஸ் எங்கே ஒத்துக்கொள்ளும்? அருப்புக்கோட்டையில் ஒரு ஜோடி கான்வாஸ் ஜோடு வாங்கிக் கொடுத்தேன். புது ஜோட்டோடு மலைக்குப் போனால் கால் கொப்பளித்துவிடும். ஒரு மாதமாவது முன்கூட்டிப் பழக்க வேண்டும். தினமும் சாயங்காலம் கண்மாய்க் கரையில் அரை மைல் போக, அரை மைல் வர. கண்டாங்கிச் சேலையும் வெள்ளை ஜோடுமாக அப்பத்தா நடப்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் திரண்டுவிட்டார்கள். “அப்பத்தா, ஓட்டப் பந்தயமா?” என்றான் ஒருவன். “வாடா, நீயும் ஓடி வா!” என்றாள். முதல் வாரம் நாலு இடத்தில் நின்றவள், இப்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறாள்.

புரட்டாசியில் டிக்கெட் எடுத்தபோது மழை வருமா என்றே தெரியாது. நல்ல வேளையாக, ஐப்பசியில் மழை தப்பாமல் இறங்கியது. விதைத்தாயிற்று, முதல் களை முடிந்தது. இரண்டாம் களைக்கு ஆள் சொல்லியிருக்கிறோம்.

நேற்றுக் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, என் மனசை அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அப்பத்தா, இவ்வளவு தூரம் போயும், மேகம் மூடிக்கிட்டு மலை தெரியாமப் போனா வருத்தப்படக் கூடாது. மூணு நாள் உட்கார்ந்து பார்ப்போம். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு.”

அப்பத்தா நின்றாள். பாதி நிறைந்திருந்த கண்மாயை ஒரு பார்வை பார்த்தாள்.

“போடா! மேகம் வராதான்னு வருஷா வருஷம் மூணு மாசம் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தவ நான். மேகம் போகாதான்னு ஒரு மூணு நாள் உக்கார மாட்டேனா?”

சொல்லிவிட்டு, ஜோட்டுக் கயிற்றை இறுக்கிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.